நேரம் தவறாத விண்மீன்கள்

கோடை விடுமுறைக்கு மெயின்லேண்ட் போகும் நம் தீவுத் தமிழர்களில் பலர் எப்படியாவது இரண்டு நாள் ஒதுக்கி ஊட்டிக்கும் போய்வருகிறார்கள். படகு இல்லம், தாவரவியல் பூங்கா, தொட்டபெட்டா, மலை ரயில் எல்லாம் பார்த்துவிட்டு, வர்க்கியும் தைலமும் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். ஊட்டியை அடுத்த முத்தோரையில் ஒரு மலைச்சரிவின்மேல் படுத்திருக்கும் இரும்புக் கூட்டைப் பார்த்ததாக அவர்களில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பார்த்திருந்தாலும் ஏதோ மின்வாரியத்தின் கட்டுமானம் என்று நினைத்துக் கடந்திருப்பார்கள். அதன் நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். பழைய 24 பெட்டி எக்ஸ்பிரஸ் வண்டி ஒன்றை எஞ்சினைக் கழற்றிவிட்டு அதன் பக்கத்தில் நிறுத்தினால் இரண்டும் ஏறத்தாழ ஒரே நீளம் இருக்கும்.

அது ஒரு ரேடியோ டெலஸ்கோப். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை அது பார்ப்பதில்லை. வானத்திலிருந்து வந்து விழும் ரேடியோ அலைகளை 326.5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கேட்கிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் நம் நாட்டுப் பொறியாளர்களே வடிவமைத்துக் கட்டி, 1970இல் அது வேலை தொடங்கியது. வளைந்த இரும்புச் சட்டங்கள் 24. அவற்றின்மேல் நெடுக இழுத்துக் கட்டிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் 1,100. ஒரு கம்பியின் தடிமன் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. கண்ணாடி வேண்டாமா என்று கேட்கலாம். அந்த ரேடியோ அலையின் நீளம் ஏறக்குறைய ஒரு மீட்டர். இவ்வளவு நீண்ட அலைக்குக் கம்பிகளுக்கு இடையிலுள்ள சந்து சந்தாகவே தெரியாது. வழவழப்பான கண்ணாடியில் பட்டதுபோலத் திரும்பிவிடும்.

மலைச்சரிவில் ஏன் கொண்டுபோய்க் கட்டினார்கள் என்பதில்தான் பொறியாளரின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. பூமி தன் அச்சில் சுழல்வதால் விண்மீன்கள் நகர்வதுபோலத் தெரிகின்றன. டெலஸ்கோப்பின் நீளவாட்டு அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருந்துவிட்டால், அந்த ஓர் அச்சில் மெல்லத் திருப்பிக்கொண்டே ஒரு விண்மீனை ஒன்பதரை மணி நேரம் பின்தொடரலாம். அதற்கு டெலஸ்கோப்பை அந்த ஊரின் அட்சரேகை அளவுக்கு வடக்கே தூக்கி வைக்க வேண்டும். தூக்கி வைப்பதற்குப் பதில், தென்னிந்திய மலைகளில் தேடி, வடக்கு நோக்கி 11 டிகிரி ஏறும் சரிவைப் பிடித்தார்கள். உதகையின் அட்சரேகையும் 11 டிகிரிதான். எத்தனை மோட்டார், எத்தனை கியர், எத்தனை இரும்பு மிச்சம்! நம் பாம்பூஃப்ளாட்டும் கிட்டத்தட்ட அதே அட்சரேகையில்தான் இருக்கிறது. துருவ நட்சத்திரம் நமக்கு வடக்கு அடிவானத்தை ஒட்டி எவ்வளவு தாழ்வாகத் தெரிகிறதோ, அதுவே முத்தோரைச் சரிவின் சாய்வு என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த டெலஸ்கோப் கேட்கும் குரல்களில் பல்சார் என்பது ஒன்று. தமிழில் துடிவிண்மீன் என்கிறார்கள். விநாடிக்கு ஒருமுறையோ முப்பது முறையோ அறுநூறு முறையோ, அதற்கென்று விதித்த இடைவெளியில் டக் டக் என்று ரேடியோத் துடிப்பை அனுப்பிக்கொண்டே இருக்கும் வானப் பொருள். 3,000க்கும் அதிகமான பல்சார்கள் இதுவரை கணக்கில் வந்திருக்கின்றன. முதலாவதைக் கண்டுபிடித்த கதையிலிருந்து தொடங்குகிறேன்.

கால் அங்குலக் கிறுக்கல்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆன்டனி ஹியூவிஷ் என்ற பேராசிரியர் குவாசர்கள் என்னும் தொலைதூரப் பொருள்களை ஆராய ஒரு ரேடியோ டெலஸ்கோப் அமைத்தார். நாலரை ஏக்கர் நிலத்தில் கம்பம் நட்டு, கம்பி கட்டி, இரண்டாயிரத்துச் சொச்சம் ஏரியல்களை இணைத்த அமைப்பு அது. வட அயர்லாந்திலிருந்து படிக்க வந்த ஜோசலின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவியும் மற்றச் சிலரும் சம்மட்டி பிடித்துத் தாங்களே அதைக் கட்டினார்கள். இரண்டு வருடம் ஆயிற்று. 1967 ஜூலையில் அது ஓடத் தொடங்கியதும், அதைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு அந்த மாணவியிடம் வந்தது.

கம்ப்யூட்டர் கிடையாது. பேனா முனை ஒன்று காகிதச் சுருளில் கோடு போட்டுக்கொண்டே போகும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 30 மீட்டர் காகிதம். அத்தனையையும் அவர் கண்ணால் பார்த்து, இது குவாசர், இது பக்கத்துச் சாலையில் போன மோட்டார் வண்டியின் குறுக்கீடு என்று பிரிக்க வேண்டும். ஆகஸ்டு மாதச் சுருளில் கால் அங்குலத்துக்கு ஒரு கிறுக்கல் தென்பட்டது. குவாசர் மாதிரியும் இல்லை, குறுக்கீடு மாதிரியும் இல்லை. முப்பது மீட்டரில் கால் அங்குலம்! வேறொருவராக இருந்தால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்த சுருளுக்குப் போயிருப்பார். பெல் பழைய சுருள்களை எடுத்துத் திரும்பத் தேடினார். அதே கிறுக்கல், வானத்தில் அதே இடத்திலிருந்து, முன்பும் வந்திருந்தது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. சூரியன் உச்சிக்கு வந்து மறுபடி உச்சிக்கு வர 24 மணி. ஒரு விண்மீன் உச்சிக்கு வந்து மறுபடி வர 23 மணி 56 நிமிடம். மனிதன் செய்த எந்த இயந்திரமும், தொழிற்சாலையானாலும் மோட்டார் ஆனாலும், சூரியக் கணக்கில் 24 மணி நேர வழக்கத்தில்தான் நடக்கும். இந்தக் கிறுக்கலோ தினமும் நான்கு நிமிடம் முந்தி வந்துகொண்டிருந்தது. அப்படியானால் அது விண்மீன்களின் கால அட்டவணையில் ஓடுவது, நம்முடைய அட்டவணையில் அல்ல.

காகிதத்தை வேகமாக ஓடவிட்டுக் கிறுக்கலை விரித்துப் பார்க்க வேண்டும் என்று முடிவாயிற்று. பல வாரம் அது கண்ணில் படவே இல்லை. நவம்பர் 28ஆம் தேதி அகப்பட்டது. கிறுக்கல் அல்ல அது, வரிசையாகத் துடிப்புகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 1.337 விநாடி. பத்தாவது துடிப்பானாலும் நூறாவது ஆனாலும் அதே இடைவெளி.

ஒரு விண்மீன் இவ்வளவு விரைவாகத் துடிக்க முடியுமா? சூரியனைப் போன்ற பெரிய பொருளால் முடியாது. வேற்று உலகத்தார் யாராவது சைகை காட்டுகிறார்களா என்று பேச்சு எழுந்து, பாதி விளையாட்டாக அதற்குச் 'சின்னப் பச்சை மனிதர்கள்' என்று பெயரும் வைத்தார்கள். ஹியூவிஷ் ஒரு சோதனை செய்தார். வேற்று உலகத்தார் ஒரு கோளில் இருந்தால், அந்தக் கோள் தன் சூரியனைச் சுற்றும்போது துடிப்புகளின் நேரம் சற்று முந்தியும் பிந்தியும் வர வேண்டும். அளந்து பார்த்ததில் நம் பூமி சூரியனைச் சுற்றுவதால் வரும் வித்தியாசம் மட்டுமே இருந்தது. டிசம்பரில் பெல் பழைய சுருள்களில் இரண்டாவது துடிப்பு ஒன்றை, வானத்தின் வேறொரு மூலையில் கண்டார். இரண்டு வேற்று உலகத்தார் ஒரே சமயத்தில் நம் பூமிக்குச் சைகை காட்டுவார்கள் என்று நம்புவது கடினம். பச்சை மனிதர்கள் அத்துடன் ஓய்ந்தார்கள். செய்தி 1968 பிப்ரவரி 24 நேச்சர் இதழில் வெளிவந்தது.

இந்தக் கண்டுபிடிப்பில் ஆற்றிய பெரும்பங்குக்காக 1974இல் ஹியூவிஷுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டுப் பரிசை மார்ட்டின் ரைல் என்பவர் வேறு பணிக்காக அவருடன் பகிர்ந்துகொண்டார். ஜோசலின் பெல் பெயர் இல்லை. பிரெட் ஹாயில் போன்ற பெரிய விஞ்ஞானிகள் பகிரங்கமாகக் குறை சொன்னார்கள். பெல் தமக்கு வருத்தமில்லை என்றே சொல்லிவந்தார். எனக்கு இருக்கிறது. பாலம் திறக்கும்போது கல்வெட்டில் யார் பெயர் வரும், கடைக்கால் தோண்டும்போது தண்ணீரில் நின்றவர் பெயர் எங்கே போகும் என்பதெல்லாம் என்போன்ற டிப்ளமோக்காரர்களுக்குத் தெரியாத விஷயமல்ல. 2018இல் அவருக்கு 30 லட்சம் டாலர் சிறப்புப் பரிசு ஒன்று வந்தது. அத்தனையையும், வாய்ப்புக் குறைந்த பிரிவுகளிலிருந்து இயற்பியல் ஆராய்ச்சிக்கு வரும் மாணவர்களின் உதவித்தொகைக்கென்று கொடுத்துவிட்டார்.

இறந்த விண்மீனின் கலங்கரை விளக்கு

பல்சார் என்பது உண்மையில் என்ன? பெரிய விண்மீன் ஒன்று தன் எரிபொருளை எரித்துத் தீர்த்தபின் வெளிப்பகுதி வெடித்துச் சிதறுகிறது. நடுப்பகுதி உள்ளுக்குள் நசுங்குகிறது. நசுங்கி நசுங்கி எலெக்ட்ரானும் புரோட்டானும் ஒன்றோடொன்று அழுந்தி நியூட்ரான்களாகிவிடுகின்றன. சூரியனைவிட அதிக எடை, குறுக்களவோ சுமார் 20 கிலோமீட்டர்தான். நம் தெற்கு அந்தமான் தீவுக்குள் அடக்கிவிடலாம். அதில் ஒரு தேக்கரண்டி அள்ள முடிந்தால் அதன் எடை நூறு கோடி டன்னுக்கு மேல் இருக்கும். இந்திய ரயில்வே முழுவதும் சேர்ந்து ஒரு வருடத்தில் ஏற்றிச் செல்லும் சரக்கு 150 கோடி டன்னுக்குச் சற்று மேல். அத்தனை கூட்ஸ் வண்டிகளின் பாரமும் ஒரு தேக்கரண்டியில்!

இப்படி ஒரு பொருள் இருக்கக்கூடும் என்று வால்டர் பாடே, பிரிட்ஸ் ஸ்விக்கி என்ற இருவர் 1934இலேயே சொல்லிவிட்டார்கள். அதற்கு நான்கு ஆண்டு முன்னால், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்துக் கப்பலில் இங்கிலாந்து போய்க்கொண்டிருந்த 19 வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர், எரிந்து முடிந்த விண்மீனுக்கு ஓர் எடை வரம்பு உண்டு, அதற்கு மேல் போனால் அது தன் பாரத்தைத் தானே தாங்காது என்று கணக்குப் போட்டிருந்தார். அவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். வரம்பு சுமார் 1.4 சூரிய எடை. அந்த வரம்பைத் தாண்டி நசுங்குகிறவைதான் நியூட்ரான் விண்மீன்களாகவும் கருந்துளைகளாகவும் ஆகின்றன. ஆனாலும் 1967 வரையில் நியூட்ரான் விண்மீன் ஏட்டுச் சுரைக்காய்தான்.

கி.பி. 1054இல் பகலிலும் தெரியும்படி வெடித்த ஒரு விண்மீனைச் சீனர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அது சிதறிய இடம் இன்று நண்டு நெபுலா. அதன் நடுவில் விநாடிக்கு 30 முறை துடிக்கும் பல்சார் 1968இல் அகப்பட்டது. வெடித்த இடத்திலேயே துடிப்பு இருந்ததால், பிணத்தை எரித்த இடத்தில் எலும்பு கிடைத்த மாதிரி ஆயிற்று.

துடிப்பு எப்படி உண்டாகிறது என்ற கேள்விக்கு வருவோம். இங்கே இன்னொரு தமிழ்க் குடும்பம் வருகிறது. சர் சி.வி. இராமனின் மகன் வி. இராதாகிருஷ்ணன், 1929இல் சென்னையில் பிறந்தவர். ஸ்வீடன், அமெரிக்கா என்று வேலை பார்த்துவிட்டு 1960களின் பிற்பகுதியில் ஆஸ்திரேலியாவில் பார்க்ஸ் என்ற இடத்திலுள்ள 64 மீட்டர் டெலஸ்கோப்பில் இருந்தார். வேலா என்னும் விண்மீன் குழுவிலுள்ள பல்சார் அப்போது புதிதாக அகப்பட்டிருந்தது. விநாடிக்கு 11 முறை துடிப்பது. அதன் ஒவ்வொரு துடிப்புக்குள்ளும் ரேடியோ அலையின் அதிர்வுத் திசை எப்படித் திரும்புகிறது என்று இராதாகிருஷ்ணனும் அவருடைய சகாக்களும் அளந்தார்கள். துடிப்பு வந்து போகும் அந்தச் சில மில்லி விநாடியில் திசை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் ஒழுங்காகத் திரும்பியது. ஒரு காந்த முனை நம் பார்வையைக் குறுக்காகக் கடந்து போனால்தான் அப்படித் தெரியும்.

அப்படியானால் விண்மீன் துடிக்கவில்லை, சுழல்கிறது. அதன் காந்த முனையிலிருந்து ரேடியோக் கற்றை ஒன்று புறப்படுகிறது. சுழற்சி அச்சும் காந்த அச்சும் ஒன்றுக்கொன்று சாய்ந்திருப்பதால் கற்றை வானத்தைத் துழாவிக்கொண்டு சுற்றுகிறது. நம் பக்கம் திரும்பும்போது ஒரு துடிப்பு. நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. பழைய சிவப்பு 20 ரூபாய் நோட்டின் பின்புறத்தில் அச்சான நார்த் பே கலங்கரை விளக்கத்தை அறியாதவர் யார்? விளக்கு அணைந்து அணைந்து எரியவில்லை, எரிந்தபடியே சுற்றுகிறது. கடலில் இருப்பவனுக்கு மின்னுவதுபோலத் தெரிகிறது. சுழலும் நியூட்ரான் விண்மீன்தான் பல்சார் என்று 1968இல் தாமஸ் கோல்டு எழுதியிருந்தார். காந்த முனையிலிருந்து கற்றை வருகிறது என்ற படத்துக்கு அளவெடுத்துச் சான்று தந்தது 1969இன் இந்த வேலைதான்.

அதே ஆண்டில் வேலா பல்சாரிடம் இன்னொரு விசித்திரத்தையும் இராதாகிருஷ்ணன், மான்செஸ்டர் என்பவருடன் சேர்ந்து கண்டார். பல்சார்கள் சக்தியை இழந்து சிறிது சிறிதாக வேகம் குறைபவை. வேலா ஒரு சுற்றுக்கு எடுக்கும் நேரம் நாளொன்றுக்கு விநாடியின் நூறு கோடியில் சுமார் 11 பங்கு நீள்கிறது. 1969 பிப்ரவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் ஏதோ நடந்து, அது திடீரென்று வேகமெடுத்திருந்தது. ஏறத்தாழ இருபது நாளில் இழந்த வேகத்தை ஒரே தாவலில் மீட்டுக்கொண்டது. உள்ளே இருக்கும் உராய்வற்ற திரவம் தன் சுழற்சியில் கொஞ்சத்தை மேல் ஓட்டுக்குத் திடீரென்று கொடுப்பதால் இப்படி ஆகிறது என்று பெரும்பாலானோர் கருதுகிறார்கள். வேலா சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இப்படித் தாவுகிறது. யாரும் போய்ப் பார்க்க முடியாத ஒரு பொருளின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதை இந்தத் தாவல்களைக் கொண்டுதான் ஊகிக்கிறார்கள். முத்தோரை டெலஸ்கோப்பும் இவ்வகைத் தாவல்களைக் கண்காணித்து வருகிறது.

இராதாகிருஷ்ணன் 1972இல் நாடு திரும்பி, தந்தை தொடங்கிய பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராகி 1994 வரை நடத்தினார். பாய்மரப் படகென்றால் அவருக்கு உயிர். வேலா என்ற லத்தீன் சொல்லுக்குக் கப்பற்பாய்கள் என்றுதான் பொருள். தற்செயல்தான், ஆனாலும் நன்றாகப் பொருந்துகிறது. 2011இல் காலமானார்.

வரவேண்டிய நேரமும் வந்த நேரமும்

ரயிலே இல்லாத தீவில் உட்கார்ந்துகொண்டு ரயில் உதாரணமா என்று சிரிக்க வேண்டாம். ரயில்வேயில் காலம் கழித்தவனுக்கு வேறு உதாரணம் வராது. இந்த விஷயத்துக்கு வேறு உதாரணம் தேவையும் இல்லை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு ரிஜிஸ்டர் இருக்கும். வண்டி வரவேண்டிய நேரத்தையும் வந்த நேரத்தையும் ஒப்பிட்டால் தாமதம் தெரியும். ஒரு செக்ஷனில் எங்கே பாதை சரியில்லை, எங்கே சிக்னலில் நின்றது என்பதையெல்லாம் தாமதங்களை வைத்தே ஓர் அனுபவசாலி சொல்லிவிடுவார். பல்சார் ஆராய்ச்சியின் பெரும்பகுதி இந்த ரிஜிஸ்டர் வேலைதான்.

1974இல் அமெரிக்காவின் ரசல் ஹல்ஸ், ஜோசப் டெய்லர் இருவரும் போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ டெலஸ்கோப்பில் ஒரு பல்சாரைப் பிடித்தார்கள். அதன் துடிப்பு 7 மணி 45 நிமிடத்துக்கு ஒரு சுற்றாக முந்தியும் பிந்தியும் வந்தது. கண்ணுக்குத் தெரியாத இன்னொரு நியூட்ரான் விண்மீனை அது சுற்றிக்கொண்டிருந்தது. ஆண்டுக்கணக்கில் ரிஜிஸ்டர் வைத்துப் பார்த்ததில் அந்தச் சுற்று ஆண்டுக்கு விநாடியின் பத்து லட்சத்தில் 76 பங்கு குறைந்துகொண்டே வருவது தெரிந்தது. ஐன்ஸ்டைன் சொன்ன ஈர்ப்பு அலைகளாகச் சக்தி வெளியேறுகிறது என்பதற்கு அதுவே முதல் சான்று. 1993இல் இருவருக்கும் நோபல் பரிசு. (அந்த அரெசிபோ டெலஸ்கோப் 2020 டிசம்பரில் கேபிள் அறுந்து நொறுங்கி விழுந்தது. படத்தைப் பார்த்தபோது எனக்கு ஒரு பாலம் விழுந்தது போல இருந்தது.)

அதே அரெசிபோவில் 1982இல் விநாடிக்கு 642 முறை சுழலும் பல்சார் அகப்பட்டது. கண்டவர்களில் ஒருவர் மகாராஷ்டிரத்தில் பிறந்த ஸ்ரீநிவாஸ் குல்கர்ணி. அப்போது அவர் மாணவர். வயதாக ஆக வேகம் குறைய வேண்டியது இவ்வளவு வேகமாக எப்படிச் சுழல்கிறது? பக்கத்து விண்மீனிலிருந்து பொருளை உறிஞ்சி, அதனால் சுழற்சி ஏறியது என்ற விளக்கத்தை அதே ஆண்டு இராதாகிருஷ்ணனும் ஜி. சீனிவாசனும் பெங்களூரிலிருந்து வெளிவரும் கரண்ட் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். வெளிநாட்டிலும் ஒரு குழு தனியே அதே முடிவுக்கு வந்தது. இந்த மில்லி விநாடிப் பல்சார்கள் நேரம் தவறாமையில் மற்றப் பல்சார்களை மிஞ்சியவை. நீண்ட காலக் கணக்கில் அணுக் கடிகாரங்களோடு போட்டி போடுபவை.

இவ்வளவு நல்ல கடிகாரங்கள் வானமெங்கும் இருக்கின்றன என்றால் அவற்றை வைத்து என்ன செய்யலாம்? கோடிக்கணக்கான சூரிய எடையுள்ள இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றினால் ஈர்ப்பு அலை எழும். அந்த அலை ஒருமுறை ஏறி இறங்கவே பல ஆண்டுகள் ஆகும். அது நம்மைக் கடக்கும்போது வெளியே சிறிது நீண்டு சுருங்கும். பல்சார் துடிப்புகள் விநாடியின் ஒரு கோடியில் ஒரு பங்கு அளவில் முந்தும் அல்லது பிந்தும். அதைப் பிடிக்க வேண்டும்.

எப்படிப் பிடிப்பது? எல்லா வண்டிகளும் ஒரே அளவு தாமதமாக வந்தால் வண்டிகளில் குறையில்லை, ஸ்டேஷன் கடிகாரம் தவறு. அதுபோல எல்லாப் பல்சார்களும் ஒரே அளவு பிந்தினால் நம் கடிகாரத்தில் கோளாறு. வானத்தின் ஒரு பக்கத்துப் பல்சார்கள் முந்தி, எதிர்ப்பக்கத்தவை பிந்தினால், சூரிய மண்டலத்தில் பூமி இருக்கும் இடத்தை நாம் தவறாகக் கணக்கிட்டிருக்கிறோம். இரண்டும் இல்லாமல், எந்த இரண்டு பல்சார்களை எடுத்தாலும் அவற்றுக்கு இடையிலுள்ள கோணத்தைப் பொறுத்து அவற்றின் தாமதங்கள் ஒரு குறிப்பிட்ட விதத்தில் ஒத்தும் மாறுபட்டும் போனால், அது ஈர்ப்பு அலை. அந்த விதம் எப்படி இருக்கும் என்பதை ஹெலிங்ஸ், டவுன்ஸ் என்ற இருவர் 1983இல் கணக்கிட்டு வைத்தார்கள்.

இதற்குக் குறுக்கே ஒரு தொல்லை உண்டு. விண்மீன்களுக்கு இடையே வெறும் வெளி இல்லை, எலெக்ட்ரான்கள் மிதக்கின்றன. அவை குறைந்த அலைவரிசையைக் கூடுதலாகத் தாமதப்படுத்தும். ஒரே ஸ்டேஷனிலிருந்து எக்ஸ்பிரஸும் பாசஞ்சரும் ஒரே நேரத்தில் புறப்பட்டால் எக்ஸ்பிரஸ் முன்னால் வரும், பாசஞ்சர் ஆடி அசைந்து பின்னால் வரும். அலைவரிசை பாதியானால் இந்தத் தாமதம் நான்கு மடங்கு. எலெக்ட்ரான் மேகம் மாதத்துக்கு மாதம் நகர்வதால் தாமதமும் மாறுகிறது. இதைச் சரியாகக் கழிக்காவிட்டால் ஈர்ப்பு அலையின் சிறு அசைவு அதற்குள் மூழ்கிவிடும்.

நம் நாட்டின் பங்கு இங்கேதான் கனமானது. புனே அருகே கோடத் கிராமத்தைச் சுற்றி 25 கிலோமீட்டர் அகலத்தில் 45 மீட்டர் விட்டமுள்ள 30 தட்டுகளைப் பரப்பி வைத்திருக்கும் ஜி.எம்.ஆர்.டி. என்ற ராட்சத மீட்டர் அலை டெலஸ்கோப், அதே கோவிந்த் ஸ்வரூப்பின் கனவு. வெளிநாட்டு டெலஸ்கோப்புகள் பெரும்பாலும் எக்ஸ்பிரஸைக் கவனிக்கின்றன. ஜி.எம்.ஆர்.டி. 300 முதல் 500 மெகாஹெர்ட்ஸில் பாசஞ்சரைப் பிடித்து, எலெக்ட்ரான் தாமதத்தை நுட்பமாக அளக்கிறது. இதற்காக இந்தியப் பல்சார் நேர அளவைக் குழு என்று ஒன்று இயங்குகிறது. முத்தோரை டெலஸ்கோப்பும் அதன் தொடக்கக் கால வேலையில் பங்கு பெற்றது. சென்னை கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் ஜப்பானியர்களும் அதில் இருக்கிறார்கள். 2022இல் இக்குழு 14 மில்லி விநாடிப் பல்சார்களின் மூன்றரை ஆண்டு அளவுகளை வெளியிட்டது.

2023 ஜூன் 29ஆம் தேதி ஐரோப்பிய, இந்தியக் குழுக்கள் சேர்ந்து, 25 பல்சார்களை ஏறத்தாழ 25 ஆண்டு கவனித்த ரிஜிஸ்டரின் முடிவை அறிவித்தன. அமெரிக்கா, ஆஸ்திரேலியா, சீனாவின் குழுக்களும் அன்றே அறிவித்தன. ஹெலிங்ஸ், டவுன்ஸ் சொன்ன விதம் தெரிகிறது என்றார்கள். பத்திரிகைகள் 'பிரபஞ்சத்தின் ரீங்காரம்' என்று தலைப்புப் போட்டன. விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டோம் என்று சொல்லவில்லை, சான்று கிடைத்திருக்கிறது என்றுதான் சொன்னார்கள். இது தற்செயலாக இருக்க ஐரோப்பிய, இந்தியக் கணக்கில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. கண்டுபிடிப்பு என்று சொல்ல அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல் சுமார் 35 லட்சத்தில் ஒன்று. ஆயிரத்தில் ஒன்றுக்கு மேளம் கொட்டாமல் நின்ற அந்த நிதானம் எனக்கு மிகவும் பிடித்தது. எல்லா நாட்டு ரிஜிஸ்டர்களையும் ஒன்றாக்கிக் கணக்கிடும் வேலையில் இப்போது இறங்கியிருக்கிறார்கள்.

புதிய கருவிகளும் வருகின்றன. சீனாவின் 500 மீட்டர் டெலஸ்கோப் மட்டும் 2024க்குள் 1,000க்கு மேல் புதிய பல்சார்களைக் கண்டுவிட்டது. ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் எழும்பிவரும் எஸ்.கே.ஏ. என்ற பன்னாட்டு டெலஸ்கோப்பில் சேர 1,250 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு நம் அரசு 2024 தொடக்கத்தில் ஒப்புதல் தந்தது. 2024 ஜனவரி 1ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன எக்ஸ்போசாட் செயற்கைக்கோளில், எக்ஸ் கதிர்களின் அதிர்வுத் திசையை அளக்கும் கருவி இருக்கிறது. கட்டியது இராமன் ஆராய்ச்சி நிலையம். 1969இல் இராதாகிருஷ்ணன் பார்க்ஸில் ரேடியோ அலைக்குச் செய்ததை எக்ஸ் கதிருக்குச் செய்வதற்கான கருவி அது. பல்சார்களும் அதன் பட்டியலில் உண்டு.

அடுத்த முறை ஊட்டி போகிறவர்கள் முத்தோரைப் பக்கம் ஓர் அரை நாள் ஒதுக்குங்கள். போக முடியாதவர்கள் மார்ச் மாத நடுவில் இரவு எட்டேகால் மணி அளவில், மழை மேகம் இல்லாத நாளாகப் பார்த்துத் தெற்கு முகமாக நில்லுங்கள். வலப்பக்கம் தாழ்வாகப் பளிச்சென்று தெரிவது அகத்திய நட்சத்திரம். அதற்கு இடப்பக்கம், சற்று உயரத்தில், அடிவானத்திலிருந்து வானுச்சிவரையுள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே வேலா விண்மீன்கள் இருக்கும். பல்சார் கண்ணுக்குத் தெரியாது. அந்தத் திசையில்தான் விநாடிக்கு 11 முறை சுற்றிக்கொண்டிருக்கிறது.